மழைக்காட்டில் நச்சுப் பாம்புகளைக் கவனிப்பது: முதல் களப்பணிக்கு முன் சில கேள்விகள்

#1 சருகுநடை

வணக்கம். வரும் மழைப்பருவத்தில் மூன்று மாதம் ஒரு தாழ்நில மழைக்காட்டில் களப்பணிக்குப் போகிறேன். முக்கிய வேலை தவளைக் கணக்கெடுப்பு. இரவு ஏழு மணிக்குத் தொடங்கி நள்ளிரவு வரை ஓடைக்கரையோரம் நடக்க வேண்டும். வழியில் தென்படும் பாம்புகளையும் பதியச் சொல்லியிருக்கிறார்கள். காட்டில் பாம்பு பார்த்த அனுபவம் எனக்கு ஒரே ஓர் இரவுதான்.

அந்த இரவைச் சொல்லிவிடுகிறேன். பயிற்சி நடை அது. ஒரு சிறு தவளையைப் படமெடுக்கக் குனிந்தவள், பிடிமானத்துக்கு ஓர் இளமரத்தைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் வந்த அண்ணன் மிக மெதுவான குரலில், "கை அப்படியே இருக்கட்டும். நான் சொன்னதும் கீழ்ப்பக்கமாக இறக்கு" என்றார். என் விரல்களுக்கு மேலே ஒன்றரைச் சாண் தள்ளி, கிளைக் கவட்டில் ஒரு குழிவிரியன் சுருண்டிருந்தது. மரப்பட்டையில் படிந்த பாசியின் அதே பச்சை. கையை இறக்கி, பின்வாங்கி, அப்புறம்தான் மூச்சு விட்டேன். ஒரு மணி நேரம் கழித்து அதே வழியாகத் திரும்பினோம். அதே சுருள், அதே பக்கம் தலை. தாடை ஓரத்தில் ஒரு மழைத்துளி மட்டும் புதிதாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து ஒரு பாம்பை உட்கார்ந்து, நிதானமாக, நெடுநேரம் பார்க்க வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. எங்கே தேடுவது, எவ்வளவு தூரத்தில் நிற்பது, என்ன எழுதுவது? பாம்பைத் தூக்கி நகர்த்த உதவும் பாம்புக் கொக்கி எடுத்துப்போக வேண்டுமா? கொக்கி இல்லாமல் பாம்பு ஆய்வே இல்லை என்கிறார் எங்கள் குழுவில் ஒருவர். எனக்கு மனம் ஒப்பவில்லை.

#2 இரவுவிளக்கு

தங்கச்சி, உங்கள் கையைக் காப்பாற்றியது அந்த அண்ணனின் குரல். "பாம்பு!" என்று அவர் கத்தியிருந்தால் நீங்கள் கையை மேல்நோக்கி உதறியிருப்பீர்கள். உங்கள் குழுவில் முதல் நாளே இதைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: பாம்பைக் கண்டவர் முதலில் சொல்ல வேண்டியது "நில்". அடுத்து எந்தப் பக்கம், எவ்வளவு தூரம். என்ன பாம்பு என்பது கடைசியில்.

தேடுவது பற்றி. தவளைக்காரர்கள் விளக்கொளியில் கண் மின்னுவதைப் பார்த்தே பழகியவர்கள். சிலந்தியும் அப்படித்தான், புல்லில் பனித்துளி மாதிரி மின்னும். பாம்பின் கண் அப்படி மின்னாது. அதனால் மின்னும் கண்ணைத் தேடினால் பாம்பைத் தாண்டிப் போய்விடுவீர்கள். வடிவத்தைத் தேட வேண்டும். இலைகளும் கொடிகளும் ஒழுங்கில்லாமல் போகும் இடத்தில் ஒழுங்கான ஒரு வளைவு, ஒரே தடிமனில் ஓடும் ஒரு கோடு, ஈரமில்லாத மங்கலான ஒரு பளபளப்பு. கண்ணுக்கு இது பிடிபடப் பத்துப் பதினைந்து இரவுகள் ஆகும். அதுவரை பொறுமையாக இருங்கள்.

ஒளியை முதலில் கால் வைக்கப் போகும் இடத்தில் பாய்ச்சுங்கள். அப்புறம் கை எட்டும் உயரம், அப்புறம் தலைக்கு மேலே. மூன்றையும் பார்த்த பிறகே அடுத்த அடி. இப்படி நடந்தால் நூறு மீட்டருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். ஆகட்டும். வேகமாக நடப்பவர் பாம்பைப் பார்ப்பதில்லை, பாம்புதான் அவரைப் பார்க்கிறது.

விழுந்து கிடக்கும் மரம் வந்தால் ஒரேயடியாகத் தாண்டாதீர்கள். மேலே ஏறி நின்று, மறுபக்கத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். எலி ஓடும் பாதை பெரும்பாலும் மரத்தை ஒட்டித்தான் போகும், அதைப் பார்த்துத்தான் விரியனும் படுத்திருக்கும். மரத்தடியில் பலகைபோல் விரியும் பலகை வேர்களின் இடுக்கு, பனை இனச் செடிகளின் மட்டைத் தூர், ஓடையோரப் பெரணி, இவை எல்லாம் நல்ல இடங்கள். மத்திய அமெரிக்கக் காடுகளின் போத்ராப்ஸ் ஆஸ்பர் விரியனில் குட்டிகளைத் தாழ்ந்த செடிகளிலும் பெரியவற்றைத் தரையிலும் பார்க்கலாம். குட்டிக்கு இரை தவளையும் பல்லியும், பெரியதற்கு எலி. என்ன தின்கிறது என்று தெரிந்தால் எங்கே தேடுவது என்பதும் தெரிந்துவிடும்.

அப்புறம் உங்கள் குழிவிரியன் ஒரு மணி நேரம் அசையாததில் ஆச்சரியமில்லை. நான் ஒன்றைப் பதினொரு இரவு ஒரே கிளையில் பார்த்திருக்கிறேன். ஐந்தாம் இரவு கொட்டும் மழையில் அது தலையை மட்டும் உடல் சுருளின்மேல் சாய்த்து, செதில்களில் வழிந்த நீரைக் குடித்தது. தாடை மட்டும் மெல்ல மெல்ல அசைந்தது. அதைப் பிடித்திருந்தால் எடை தெரிந்திருக்கும். இந்தக் காட்சி கிடைத்திருக்காது.

#3 கூழாங்கல்

ஒரு சின்னக் கேள்வி. சிவப்பு ஒளி பயன்படுத்தினால் பாம்புக்குத் தொந்தரவு இருக்காது என்கிறார்களே?

#4 இரவுவிளக்கு

தேடும்போது வெள்ளை ஒளியே வேண்டும். சிவப்பில் பச்சையும் பழுப்பும் ஒன்றாகிவிடும், கால் வைக்கும் இடமே தெரியாது. பாம்பைக் கண்டு, தள்ளி உட்கார்ந்த பிறகு மங்கலான சிவப்புக்கு மாறுங்கள். ஒளியை நேராக அதன் தலைமேல் வைக்காமல் பக்கத்து இலையில் வையுங்கள், சிதறும் ஒளியே போதும். ஒளியை மறைத்தாலும் நீங்கள் மறைவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். குழிவிரியனுக்குக் கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் நடுவில் இருக்கும் குழி, வெப்பத்தை உணரும் உறுப்பு. அந்தக் குழியின் மெல்லிய சவ்வில் எந்தப் புரதம் வெப்பத்தை நரம்புக்குச் சொல்கிறது என்பதை 2010-இல் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்குழு கண்டுபிடித்தது. தொடுதலையும் வெப்பத்தையும் உடல் உணரும் வழிக்காக 2021-இல் நோபல் பரிசு பெற்ற இருவரில் அவர் ஒருவர். உங்கள் சூடான முகம் இருட்டிலும் அதற்கு ஒரு விளக்கு மாதிரிதான்.

#5 வேர்முடிச்சு

மேலே சொன்னதில் பாதியை ஏற்கிறேன். மீதிப் பாதியைப் பேச வேண்டியிருக்கிறது.

பார்ப்பதால் மட்டும் எல்லாம் தெரிந்துவிடும் என்ற எண்ணம் புதியவர்களுக்கு வரக்கூடாது. பெரும்பாலான பாம்புகளில் ஆணா பெண்ணா என்று தூரத்திலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. எடை தெரியாது. ஒரே பாம்பைத்தான் மறுபடி பார்க்கிறோமா என்பதும் தெரியாது. ராஜநாகம் ஒரே இனம் என்று நெடுங்காலம் நினைத்திருந்தோம். 2024-இல் அதை நான்கு இனங்களாகப் பிரித்தார்கள், மேற்குத் தொடர்ச்சி மலைக்கு உரியது காலிங்கா என்ற பெயரில் தனி இனமானது. மரபணுவும், கையில் வைத்து எண்ணிய உடல் பட்டைகளும் செதில்களும் இல்லாமல் அது நடந்திருக்குமா? தூரத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் எல்லோரும் அதை ராஜநாகம் என்றுதான் எழுதியிருந்தார்கள்.

கொக்கியும் ஒளிபுகும் குழாயும் சரியாகப் பயன்படுத்தினால் பாம்புக்கும் நமக்கும் பாதுகாப்பானவை. பாம்பு தானாகக் குழாய்க்குள் தலையை நுழைக்கும், பாதி உடல் உள்ளே போனதும் குழாயையும் உடலையும் சேர்த்துப் பிடிப்போம். தலையைக் கையால் பிடிக்கும் பழக்கத்தை நான் விட்டுப் பல வருடம் ஆகிறது.

சருகுநடை, உங்களுக்கு என் பதில்: கொக்கி எடுத்துப்போங்கள். முகாமுக்குள் ஒரு விரியன் வந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

#6 பாசிக்கல்

நான் மருத்துவப் பக்கத்திலிருந்து வருகிறேன். களக்குழுக்களுக்கு முதலுதவிப் பயிற்சி கொடுக்கிறேன். கொக்கி வேண்டுமா என்ற வாதத்துக்குள் போகும் முன் ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். பயிற்சிக்கு வரும் எல்லோரிடமும் இதைத்தான் முதலில் சொல்வேன்.

ஜோசப் ஸ்லோவின்ஸ்கி கலிபோர்னியா அறிவியல் கழகத்தின் பாம்பியலாளர். நச்சுப் பாம்புகளில் ஆழ்ந்த அறிவு உள்ளவர். 2001 செப்டம்பரில் வட மியான்மரின் காட்டில் குழுவோடு இருந்தார். முந்தைய நாள் பிடித்த ஒரு சிறிய வரிப்பாம்பு பைக்குள் இருந்தது. கட்டுவிரியனைப் போலவே உடலில் பட்டைகள் கொண்ட, ஆபத்தில்லாத இனம் என்றுதான் அதைப் பிடித்தவர் நினைத்திருந்தார். செப்டம்பர் 11 காலை ஸ்லோவின்ஸ்கி பைக்குள் கையை விட்டார். அது கட்டுவிரியன் இனம் ஒன்றின் குட்டி. விரலில் பட்ட பல் கண்ணுக்கே சரியாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அறிகுறிகள் தொடங்கின. மூச்சுத் தசைகள் செயலிழந்தபின் குழுவினர் மாறி மாறி வாயோடு வாய் வைத்து மணிக்கணக்கில் மூச்சு ஊதினார்கள். மோசமான வானிலையால் ஹெலிகாப்டர் வந்து சேர முடியவில்லை. மறுநாள் இறந்தார். வயது 38.

இதில் பாடமாக எடுக்க வேண்டியவை எனக்குத் தெரிந்து மூன்று. ஒன்று, நிபுணத்துவம் கையைக் காப்பாற்றாது. இரண்டு, அடுத்தவர் சொன்ன பெயரை நம்பிக் கை வைக்கக்கூடாது. மூன்று, கட்டுவிரியன் கடி வலிக்காமலே இருக்கலாம். வீக்கம் இல்லை, எரிச்சல் இல்லை என்று உட்கார்ந்திருக்கும்போதே இமை கனக்கத் தொடங்கும். இமை தொங்குகிறது, பேச்சு குழறுகிறது, விழுங்க முடியவில்லை என்றால் அடுத்து மூச்சு. மூச்சைத் தாங்கிப் பிடிக்க ஆளும் கருவியும் இருந்தால் ஆள் பிழைக்க வாய்ப்பு உண்டு.

கடி பட்டால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் உடனே செய்ய வேண்டும். பாம்பிடமிருந்து விலகுங்கள். மோதிரம், கடிகாரம், இறுக்கமான காலணி எல்லாவற்றையும் வீங்குவதற்குள் கழற்றுங்கள். கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல் மட்டை வைத்து அசையாமல் கட்டுங்கள். மணியைக் குறித்து, வீக்கத்தின் எல்லையில் பேனாவால் கோடு போட்டுப் பக்கத்திலேயே நேரத்தை எழுதுங்கள். தூக்கிக்கொண்டு போங்கள், நடக்க விடாதீர்கள். கீறுவது, உறிஞ்சுவது, கயிறு கட்டி இறுக்குவது, பனிக்கட்டி வைப்பது, இவை நான்கும் கேடு. வலிக்கு ஆஸ்பிரின் வகை மாத்திரை தரக்கூடாது, விரியன் நஞ்சு ஏற்கெனவே இரத்தம் உறைவதைக் கெடுத்திருக்கும். கால் முழுக்க அழுத்திச் சுற்றும் துணிக்கட்டு ஆஸ்திரேலியாவில் நரம்பு நஞ்சுள்ள பாம்புகளுக்காக வந்த முறை. தசையை அழுகச் செய்யும் விரியன் கடிக்குப் பொதுவாக அதைப் பரிந்துரைப்பதில்லை. பாம்பைத் துரத்திப் பிடிக்கவோ அடிக்கவோ வேண்டாம். வெட்டுண்ட தலைகூட அனிச்சையாகக் கடிக்கும். தள்ளி நின்று ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

எதிர்நஞ்சு பற்றி ஒன்று. "மருத்துவமனையில் எதிர்நஞ்சு இருக்கிறதா?" என்று கேட்டால் போதாது, "எந்தப் பாம்புகளுக்கான எதிர்நஞ்சு?" என்று கேளுங்கள். இந்தியாவில் கிடைக்கும் பல்திறன் எதிர்நஞ்சு நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்காகச் செய்யப்படுவது. மழைக்காட்டின் குழிவிரியன்கள் அந்த நான்கில் இல்லை. மூக்கு மேல்நோக்கி வளைந்த ஹிப்னேல் குழிவிரியன் சருகோடு சருகாகக் கிடக்கும், நீளம் ஒன்றரை அடிதான். அதன் கடியில் சிறுநீரகம் கெட்டவர்கள் உண்டு. கோஸ்டாரிகாவில் நிலைமை வேறு. 1970-இல் தொடங்கிய கிளோடோமிரோ பிகாடோ நிறுவனம் அந்த நாட்டு விரியன்களின் நஞ்சை வைத்தே எதிர்நஞ்சு செய்கிறது. போகும் காட்டில் என்ன பாம்பு, அதற்கு என்ன மருந்து, அந்த மருந்து எங்கே இருக்கிறது, அங்கே போக எத்தனை மணி நேரம்? இந்த நான்குக்கும் பதில் தாளில் எழுதப்படாமல் நான் யாரையும் காட்டுக்குள் அனுப்புவதில்லை.

#7 சருகுநடை

பாசிக்கல் அக்கா, இதைப் படித்துவிட்டு எங்கள் குழுத் தலைவரிடம் அந்த நான்கு கேள்விகளையும் கேட்டேன். முதல் இரண்டுக்குப் பதில் இருந்தது. மருந்து எங்கே என்று அவருக்கே உறுதியாகத் தெரியவில்லை. நாளை விசாரிக்கிறோம்.

#8 பாசிக்கல்

கேட்டதே பெரிய விஷயம். நான் முன்பு போன ஒரு முகாமில் வெளியேற்றத் திட்டம் என்று ஒரு தாள் சுவரில் ஒட்டியிருந்தது. அதில் எழுதியிருந்த பாலம் இரண்டு மழைக்கு முன்பே அடித்துக்கொண்டு போய்விட்டது. யாரும் போய்ப் பார்க்கவில்லை. தாளை நம்பாதீர்கள், ஒருமுறை அந்த வழியில் போய்ப் பாருங்கள். இரவில், மழையில், ஓர் ஆளைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள்.

#9 வேர்முடிச்சு

ஸ்லோவின்ஸ்கியின் கதை எனக்கும் தெரியும். அது என்னை எப்போதும் உறுத்தும் ஒன்று. அவர் கொக்கியால் இறக்கவில்லை, பைக்குள் வெறுங்கையை விட்டதால் இறந்தார் என்று சொல்ல வாய் வருகிறது. ஆனால் யோசித்தால், பிடித்ததால்தான் அது பைக்குள் போனது.

சரி, என் பதிலை மாற்றிச் சொல்கிறேன். மரபணு மாதிரியும் எடையும் தேவைப்படும் ஆய்வு, அனுமதியோடும் பயிற்சி பெற்ற இருவரோடும் நடக்கட்டும். தவளைக் கணக்கெடுப்பில் வழியில் காணும் பாம்புக்கு அது தேவையில்லை. கொக்கி முகாமில் இருக்கட்டும். பழகியவர் ஒருவர் மட்டும் அதைத் தொடட்டும். நடையில் எடுத்துப்போக வேண்டாம். கையில் கொக்கி இருந்தால் மனம் அதைப் பயன்படுத்தத்தான் சொல்லும், என் சொந்த அனுபவம் இது.

#10 இலைக்குடை

எவ்வளவு தூரம் என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன்.

விரியன்கள் பொதுவாகத் தன் உடல் நீளத்தில் மூன்றிலொரு பங்கிலிருந்து பாதிவரை எட்டிக் கொத்தும். 2016-இல் வந்த ஓர் ஆய்வில் அதிவேகக் கேமராவில் அளந்தார்கள். கொத்து இலக்கைத் தொட ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. நாம் கண் சிமிட்டவே அதைவிட அதிக நேரம் ஆகும். அதே ஆய்வில் ஒப்பிட்டுப் பார்த்த நஞ்சில்லாத எலிப்பாம்பும் கிட்டத்தட்ட அதே வேகம்தான். ஆகவே "வந்தால் நகர்ந்துகொள்ளலாம்" என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் கடைப்பிடிப்பது: விரியனிடமிருந்து குறைந்தது இரண்டு மீட்டர், உட்கார்ந்து பார்ப்பதானால் மூன்று. எனக்கும் பாம்புக்கும் நடுவில் வழுக்கும் சரிவு இருக்கக்கூடாது. என் முதுகுப் பக்கம் பின்வாங்க வழி இருக்க வேண்டும், உட்காரும் முன் அந்த வழியையும் விளக்கடித்துப் பார்த்திருக்க வேண்டும். ஒரு விரியனைப் பார்க்க உட்கார்ந்து இன்னொன்றின் பக்கத்தில் உட்கார்ந்தவரை எனக்குத் தெரியும்.

ராஜநாகம் என்றால் இந்தக் கணக்கு செல்லாது. பெண் ராஜநாகம் சருகைக் கூட்டிக் குவித்துக் கூடு கட்டி, முட்டைகளின்மேல் காவல் இருக்கும். சருகால் இப்படிக் கூடு கட்டும் பாம்பு வேறு இல்லை. மழைக்காலத்துக்கு முன்னால் மூங்கில் புதரடியில் இயல்பில்லாத ஒரு சருகுக் குவியலைக் கண்டால் கிளறிப் பார்க்காமல் வந்த வழியே திரும்பிவிடுங்கள். கர்நாடகத்தின் அகும்பே மழைக்காட்டு ஆய்வு நிலையத்தில் 2008 முதல் ராஜநாகங்களுக்கு உடலுக்குள் ரேடியோ கருவி வைத்துப் பின்தொடர்ந்தார்கள். அதில் தெரிய வந்தவை பலவும், யாரும் தொந்தரவு செய்யாதபோது அது என்ன செய்கிறது என்பது பற்றியவைதான்.

இன்னொன்று, படம் எடுப்பவர்களுக்கு. நல்ல கோணத்துக்காக இலையை ஒடிக்காதீர்கள், பாம்பைக் குச்சியால் திருப்பாதீர்கள். அந்த இடத்தை அது பல இரவு காத்திருக்கத் தேர்ந்திருக்கிறது. ஒரு படத்துக்காக அது இடம் மாறினால் அத்தனை இரவும் வீண். இடக்குறிப்போடு படத்தை இணையத்தில் போடவும் வேண்டாம். அழகான நிறமுள்ள மரவிரியன்களுக்குச் செல்லப்பிராணிச் சந்தை இருக்கிறது. ஒரே கிளையில் வாரக்கணக்கில் இருக்கும் உயிரைப் பிடிக்க வருபவனுக்கு நம் படமே வழிகாட்டி ஆகிவிடும்.

#11 இரவுவிளக்கு

குறிப்பேடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

பெயரை முதலில் எழுதாதீர்கள். பார்த்ததை எழுதுங்கள். தலை கழுத்தைவிட அகலமா, கண்ணுக்கு முன்னால் குழி தெரிகிறதா, செதில் மினுமினுப்பா சொரசொரப்பா, பட்டை வயிற்றைச் சுற்றி வருகிறதா முதுகோடு நிற்கிறதா. பெயர் பிறகு வரட்டும். பவளப்பாம்புக்கு வட அமெரிக்காவில் ஒரு வாய்ப்பாடு உண்டு, சிவப்பும் மஞ்சளும் ஒட்டினால் நஞ்சு, சிவப்பும் கறுப்பும் ஒட்டினால் ஆபத்தில்லை என்று. அமேசான் காட்டில் சிவப்போடு கறுப்பு ஒட்டிய நச்சுப் பவளப்பாம்புகள் பல இருக்கின்றன. வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்து போனவர் அங்கே கை வைத்தால் என்ன ஆகும்?

அடுத்து நேரம், வெப்பநிலை, மழை. தரையிலிருந்து எவ்வளவு உயரம், எந்த மாதிரிக் கிளை, நீரிலிருந்து எவ்வளவு தூரம். உடல் சுருளா நீட்டலா. தலை எந்தத் திசையில். தலை நோக்கும் இடத்தில் என்ன இருக்கிறது என்பதை நிறையப் பேர் எழுத மறக்கிறார்கள். பாம்பு அங்கே உட்கார்ந்திருப்பதற்குக் காரணமே பெரும்பாலும் அதுதான். எலி நடக்கும் கொடியா, தவளை குதிக்கும் கல்லா? ஒரு படம் வரைந்துவிடுங்கள், அழகாக இருக்க வேண்டியதில்லை. அடையாளத்துக்கு நாடா கட்டுவதானால் பாம்பு இருக்கும் செடியில் கட்டாமல் இரண்டு மூன்று மீட்டர் தள்ளிக் கட்டுங்கள்.

பாம்பே தென்படாத இரவையும் எழுதுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடித்தோம், எத்தனை பேர் நடந்தோம், எத்தனை மீட்டர், பாம்பு: இல்லை. இதை எழுதச் சலிப்பாக இருக்கும். ஆனால் இதன் மதிப்பு பின்னால்தான் தெரியும். பனாமாவில் எல் கோப்பே என்ற காட்டில் 2004-இல் ஒரு பூஞ்சை நோய் வந்து தவளைகளை வாரிக்கொண்டு போனது. நோய் வருவதற்குப் பல வருடம் முன்பிருந்தே அங்கே ஒரே வழிகளில் திரும்பத் திரும்ப நடந்து, கண்ட பாம்பையெல்லாம் பதிந்து வந்தவர்கள் இருந்தார்கள். நோய்க்குப் பின்னும் நடந்தார்கள். 2020-இல் சயன்ஸ் இதழில் அந்தப் பதிவுகளை வைத்து ஒரு கட்டுரை வந்தது. தவளைகள் போனபின் பாம்பு இனங்களும் குறைந்திருந்தன. பல இனங்கள் மொத்தக் காலத்திலும் ஒன்றிரண்டு முறைதான் கண்ணில் பட்டவை. அப்படியிருக்க, பார்க்காத இரவுகளின் கணக்கு இல்லாமல் "குறைந்தது" என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

நீங்கள் போவது தவளை எண்ண. தவளையும் பாம்பும் ஒரே குறிப்பேட்டில் இருப்பது எவ்வளவு நல்லது என்று இப்போது தெரிகிறதா?

#12 வேர்முடிச்சு

அதே கட்டுரையில் இன்னொரு முடிவும் இருக்கிறது, மறந்துவிடாதீர்கள். மிஞ்சிய பாம்புகள் பலவற்றின் உடல்நிலை நலிந்திருந்தது. அது நீளத்தையும் எடையையும் அளந்ததால் தெரிந்தது. இரண்டு வழியும் வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

#13 இரவுவிளக்கு

உண்மை. ஏற்கிறேன். அளக்கத் தெரிந்தவர் அளக்கட்டும், முதல் முறை போகிறவர் பார்க்கட்டும்.

#14 கூழாங்கல்

காலணி? முழங்கால் உயர ரப்பர் காலணி போதுமா?

#15 பாசிக்கல்

நடக்கும்போது பெரும்பாலான கடிகள் பாதத்திலும் கணுக்காலிலும்தான். தடித்த ரப்பர் காலணி நன்றாகவே உதவும், உள்ளே தளர்வாக இருந்தால் இன்னும் நல்லது. இரவு கழற்றி வைத்தால் காலையில் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடுங்கள். ஆனால் ஆய்வாளர்களுக்குக் கையில் கடி படுவதும் உண்டு, அதற்குக் காலணி உதவாது. கண் போகாத இடத்துக்குக் கையை அனுப்பாதீர்கள்.

#16 சருகுநடை

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். முகாமில் இன்றுதான் இணையம் கிடைத்தது.

முதலில் மருந்து. விசாரித்ததில் அருகில் இருந்த சிகிச்சை நிலையத்தில் எதிர்நஞ்சு இல்லை, அடுத்ததில் இருந்தது. பயணம் ஐந்து மணி நேரம். ஒத்திகை பார்த்தோம், ஏழே கால் மணி நேரம் ஆனது. அதன்பின் ஆற்றுக்கு மறுகரையில் இருந்த இரண்டு பாதைகளை இரவு நடையிலிருந்து எடுத்துவிட்டோம்.

இதுவரை 38 இரவுகள் நடந்திருக்கிறோம். 21 இரவுகளில் பாம்பே இல்லை, எல்லாம் எழுதியிருக்கிறேன். கொக்கி ஒரு முறை தேவைப்பட்டது, சமையல் கூடாரத்துக்குள் வந்த ஒன்றுக்கு. பழகிய அண்ணன் பார்த்துக்கொண்டார்.

நான் உட்கார்ந்து பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓடையோரப் பெரணித் தண்டில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் ஒரு பச்சைக் குழிவிரியன். நான்கு இரவு அதே இடம். தலை கீழ்நோக்கிச் சாய்ந்து, நீரில் பாதி மூழ்கிய ஒரு கல்லைப் பார்த்திருந்தது. நான்காம் இரவு மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தேன், பின்பக்கம் விளக்கடித்துப் பார்த்துவிட்டுத்தான். 10.52-க்கு ஒரு தவளை அந்தக் கல்லின்மேல் வந்து அமர்ந்தது. பாம்பின் தலை ஒரு விரற்கடை திரும்பியது, அவ்வளவுதான். தவளை ஒருமுறை கூப்பிட்டது. ஏறக்குறைய இரண்டு நிமிடம் எதுவும் நடக்கவில்லை. பிறகு பெரணி ஆடுவதைத்தான் பார்த்தேன். கொத்தியதை நான் பார்க்கவே இல்லை. பார்க்கும்போது தவளை வாயில் இருந்தது, வால் தண்டைச் சுற்றியிருந்தது, முன்னுடல் காற்றில் தொங்கியது. கடித்துவிட்டு விட்டுவிடும் என்று நினைத்திருந்தேன், விடவில்லை. தவளையின் ஒரு பின்கால் பாம்பின் கன்னத்தை உதைத்துத் தள்ளிக்கொண்டிருந்தது. நான்கு நிமிடத்தில் அந்தக் கால் மெல்ல நீண்டு நின்றுவிட்டது. அப்புறம் இடது தாடை ஒரு நகர்வு, வலது தாடை ஒரு நகர்வு, தலையிலிருந்து தொடங்கி உள்ளே. 17 நிமிடம். முடிந்ததும் பாம்பு வாயை அகலத் திறந்து இரண்டு முறை கொட்டாவி விட்டது, உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. எனக்குக் கைநடுக்கம் நிற்க வெகுநேரம் ஆனது.

#17 இரவுவிளக்கு

படித்துவிட்டு நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். விட்டுவிடாததற்குக் காரணம் உண்டு. எலியைக் கடித்தால் குழிவிரியன்கள் பெரும்பாலும் விட்டுவிட்டு மணத்தைப் பிடித்துத் தேடிப்போகும், எலி திருப்பிக் கடிக்கும் அல்லவா. தவளையும் பறவையும் கை நழுவினால் நீரிலோ காற்றிலோ போய்விடும், தடம் இருக்காது. அதனால் பிடித்தே வைத்திருக்கும். ஐந்தாம் இரவு அங்கே இருந்ததா?

#18 சருகுநடை

இல்லை. இரண்டு இரவு கழித்து ஆறு மீட்டர் தள்ளி ஒரு பலகை வேரின் இடுக்கில் கண்டோம். நடு உடல் இன்னும் பருத்திருந்தது. அதே பாம்புதானா என்று சந்தேகம் இருந்தது, ஆனால் வலது கண்ணுக்குப் பின்னால் ஒரு செதில் வெளுத்திருந்ததை முதல் இரவே வரைந்து வைத்திருந்தேன். அதேதான். வேர்முடிச்சு அண்ணா, எடை தெரியாது.

#19 வேர்முடிச்சு

எடை வேண்டாம். அந்தச் செதில் படத்தைப் பத்திரமாக வையுங்கள்.

#20 சருகுநடை

வைத்திருக்கிறேன். இன்று மாலையிலிருந்து மழை. ஓடை ஏறிக்கொண்டிருக்கிறது, நீர்மட்டம் குறியைத் தாண்டினால் நடை கிடையாது. எட்டு மணிக்குப் போய்க் குறியைப் பார்க்க வேண்டும்.